14 வரி நிரலும் ஐந்தாவது யூனிட்டும்: பெங்களூரு கல்லூரி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

முதலாண்டு மாணவன் ஒருவன் பைத்தான் என்ற நிரல்மொழியில் 14 வரிக்கு ஒரு நிரல் எழுதினான். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப் சரி, ரேஞ்ச் சரி, கோப்பைத் திறந்து எழுதி மூடியதும் சரி. ரெக்கார்டு நோட்டில் எழுதிக் காட்டியிருந்தால் பத்துக்குப் பத்து போட்டிருப்பேன். அந்த நிரல் ஓடி முடிந்த மறுநாள் ஒரு மாணவி கல்லூரிக்கு வரவில்லை. அதற்கடுத்த மூன்று நாளும் வரவில்லை.

பெங்களூரில் ஒரு கல்லூரியில் பி.சி.ஏ. முதலாண்டுக்கு நான் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறேன். கல்லூரியின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் இதில் வராது. பெயர்கள் வெளியே போனதால் வந்த வினைதான் இந்தக் கதை. அவற்றை இன்னொரு முறை நான் அனுப்புவானேன். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சின்னச் சின்ன விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். நடந்த வரிசையை மாற்றவில்லை.

வகுப்பும் அந்த ஐந்தாவது யூனிட்டும்

எங்கள் பிள்ளைகளில் கணிசமானவர்கள் அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக் நகர் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள். மற்றவர்கள் கன்னடம், தெலுங்கு, உருது வீடுகள். ஸ்லைடு ஆங்கிலத்தில், விளக்கம் பாதி கன்னடத்தில், லேபில் எரர் வந்தால் திட்டுவது தமிழில். வீட்டில் டிகிரி வரைக்கும் வந்த முதல் ஆள் என்று சொல்லிக்கொள்பவர்கள் ஒவ்வொரு பெஞ்சிலும் உண்டு. முதல் செமஸ்டரில் சி மொழி, இரண்டாவதில் பைத்தான்.

முதல் செமஸ்டரிலேயே ‘கம்ப்யூட்டர் அடிப்படைகள்’ என்று ஒரு பேப்பர் இருக்கிறது. ஐந்து யூனிட். ஐந்தாவதில்தான் கணினி அறமும் சைபர் சட்டமும் வரும். ஐந்தாவது யூனிட் எப்படி எடுக்கப்படும் என்பது கல்லூரி வாத்தியார்கள் எல்லோருக்கும் தெரியும். செமஸ்டர் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, போர்ஷனை முடிக்க வேண்டுமே என்ற பதற்றத்தில், 22 ஸ்லைடுகளை இரண்டு மணி நேரத்தில் ஓட்டிவிடுவேன். தனியுரிமை என்றால் என்ன, வரையறு. கணினிக் குற்றங்கள் நான்கைக் கூறு. காப்புரிமைக்கும் பதிப்புரிமைக்கும் வேறுபாடு எழுது. பிள்ளைகளும் சமர்த்தாக எழுதிவிடுவார்கள்.

இந்தக் கதையின் மாணவன் அந்த யூனிட் டெஸ்டில் பத்துக்கு ஒன்பது. எல்லாம் நடந்த பிறகு அலமாரியில் தேடி அந்த விடைத்தாளை எடுத்துப் பார்த்தேன். தனியுரிமைக்கு அழகான வரையறை எழுதியிருந்தான். பக்கத்தில் என் சிவப்பு டிக்.

ஒரு செவ்வாய்க்கிழமையும் ஒரு வியாழக்கிழமையும்

வருகைப் பதிவு, இன்டர்னல் மதிப்பெண் எல்லாவற்றுக்கும் கல்லூரி ஒரு போர்ட்டலை விலைக்கு வாங்கியிருந்தது. மாணவர் தன் எண்ணையும் கடவுச்சொல்லையும் போட்டு உள்ளே போனால் தன் பக்கத்தைப் பார்க்கலாம். ஆனால் அந்தப் பக்கத்தின் முகவரி ரெஜிஸ்டர் நம்பரில் முடியும். முகவரியின் கடைசி இலக்கத்தை மாற்றி என்டர் தட்டினால் அடுத்தவர் பக்கம் திறந்துகொள்ளும். உள்ளே வந்தவர் யார், அவர் பார்க்கக் கேட்பது யாருடையது என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை எங்குமே இல்லை. வாசல் கதவுக்குப் பூட்டு போட்டுவிட்டு, உள்ளே அறைகளுக்குக் கதவே வைக்காத வீடு. வலைதளப் பிழைகளில் இது அரதப் பழசு. ஆனாலும் இன்றும் எங்கு பார்த்தாலும் கிடைக்கும்.

அவன் இதைத் தேடிப்போய்க் கண்டுபிடிக்கவில்லை. ஊருக்குப் போயிருந்த நண்பன் போனில், “எனக்கு அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜ் இருக்கா பாரு மச்சா” என்று கேட்டிருக்கிறான். இவன் தன் பக்கத்தில் இருந்தபடியே நண்பனின் எண்ணைத் தட்டிப் பார்த்தான். திறந்தது. இன்னொரு எண்ணைத் தட்டினான். அதுவும் திறந்தது.

இது வியாழன். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமைதான், இணையப் பக்கங்களை நிரல் வழியாக எடுக்கும் ‘ரெக்வெஸ்ட்ஸ்’ நூலகத்தை லேபில் காட்டியிருந்தேன். பாடத்திட்டத்தில் அது இல்லை. பிள்ளைகளுக்கு ஆர்வம் வரட்டுமே என்று நானாகச் சேர்த்தது. எல்லோரும் பார்க்கத் திறந்திருக்கும் ஒரு தளத்தில் பக்க எண்கள் 1, 2, 3 என்று ஓடின. “எங்கே எண் வரிசையாப் போகுதோ அங்கே கையால செய்யாதீங்க, லூப் போடுங்க” என்று சொன்னேன். அந்த வாக்கியத்தை அவன் அப்படியே பிடித்துக்கொண்டான்.

ஏறத்தாழ 120 பேரின் பக்கங்கள், சில நிமிடங்களில், ஒரு எக்செல் தாளில். மதிப்பெண்ணும் அட்டெண்டன்ஸும் மட்டும் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது என்று நினைக்கிறேன். அந்தப் பக்கத்தில் பெற்றோரின் கைப்பேசி எண், எந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தார், கட்டண பாக்கி எவ்வளவு என்பதும் இருந்தன. ஒரு மாணவரின் பக்கத்தில் அவருடையது எல்லாமே இருக்கட்டும் என்று யாரோ வடிவமைத்திருக்கிறார்கள். அவன் நிரலும் ‘எல்லாமே’ எடுத்தது. தாளைத் திறந்து மதிப்பெண்ணை வரிசைப்படுத்தினான், முதல் பத்து பேரைப் பார்த்தான், இரவு 11:40-க்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டான். “நம்ம க்ளாஸ் டாப்பர் யாருன்னு பாத்துக்கோங்க.” வலதுபக்கம் தள்ளிப் போனால் இன்னும் மூன்று பத்தி இருப்பதை அவன் கவனிக்கவே இல்லை என்றான். அதை நான் நம்புகிறேன்.

மற்றவர்கள் வலதுபக்கம் தள்ளிப் பார்த்தார்கள்.

அந்த மாணவியின் வரியில் கட்டண பாக்கி பெரிய தொகை. குழுவில் ஒரு பையன், நல்ல பையன், உண்மையாகவே நல்ல பையன், எழுதினான்: “எல்லாரும் ஆளுக்கு 300 போட்டா முடிஞ்சுடும். இதுல என்ன இருக்கு?” ஏழெட்டு கட்டைவிரல்கள். ஒருத்தி ஜிபே எண்ணைக்கூடப் போட்டுவிட்டாள். கேலி செய்தவர்கள் யாரும் இல்லை, திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டேன். காலை ஏழு மணிக்கு அந்த மாணவி குழுவை விட்டு வெளியேறியதாக ஒரு வரி மட்டும் அதில் இருக்கிறது.

விசாரணை

துறைத் தலைவரான எச்.ஓ.டி., நிர்வாக அலுவலர், போர்ட்டல் நிறுவனத்தின் ஆள், நான் என்று நான்கு பேர். நிறுவனத்து ஆள் ‘ஹேக்கிங்’ என்ற சொல்லை முதல் ஐந்து நிமிடத்தில் ஆறேழு முறை சொன்னார். காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்றார். தங்கள் சர்வர் பதிவேட்டை அச்செடுத்துக்கொண்டு வந்திருந்தார். அதில் கேட்கப்பட்ட ஒவ்வொரு பக்கமும் முறையான வழியில் கேட்கப்பட்டு, முறையாகவே கொடுக்கப்பட்டிருந்தது. எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. “பூட்டு எங்கே சார் இருந்தது?” என்று கேட்டேன். எச்.ஓ.டி. என்னைப் பார்த்து, “ஏன் மாடோது மேடம்?” என்றார், என்ன செய்வது என்பதற்குக் கன்னடம். அவருக்கும் சங்கடம்தான். என்ன செய்வது என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

மாணவனின் அப்பா வந்திருந்தார். ஸ்ரீராமபுரத்தில் தள்ளுவண்டியில் இஸ்திரிக் கடை. ஆங்கிலமும் கன்னடமும் கலந்து ஓடிய பேச்சை அரைமணி நேரம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“மேடம், இவன் என்ன தப்பு பண்ணான்னு எனக்குப் புரியற மாதிரி ஒரு தடவை சொல்லுங்க.”

எம்.சி.ஏ. படித்து பதினைந்து வருடம் பாடம் எடுத்தவளுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. போர்ட்டல் என்றேன், டேட்டா என்றேன், அனுமதி என்றேன். அவர் தலையாட்டினார், புரியவில்லை என்பதும் தெரிந்தது. கடைசியில், “அண்ணா, இஸ்திரிக்கு வர்ற சட்டைப் பையில ஏதாவது சீட்டு இருந்தா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டேன்.

“எடுத்து தனியா வைப்போம். துணியோட சேத்துக் குடுத்துருவோம்.”

“படிப்பீங்களா?”

கொஞ்சம் யோசித்தார். “சில சமயம் கண்ணுல பட்டுரும் மேடம். ஆஸ்பத்திரி சீட்டு, கடன் சீட்டு, எல்லாம் வரும். ஆனா தெருவுல யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். சொன்னா அப்புறம் யாரு துணி குடுப்பா?”

மகன் பக்கம் அவர் திரும்பவில்லை. திரும்பத் தேவையும் இருக்கவில்லை. அந்தத் தெருவில் யாருக்குக் கடன், யாருக்கு என்ன நோய் என்று அந்த வண்டிக்குத் தெரிந்திருக்கும். அத்தனையும் தெரிந்துகொண்டு வாய் திறக்காமலிருப்பது அந்தத் தொழிலின் ஒரு பகுதி. அதை அவருக்கு யாரும் ஐந்தாவது யூனிட்டாகச் சொல்லித்தரவில்லை. பெட்டி பிடிக்கப் பழகும்போதே அதுவும் சேர்ந்து வந்திருக்கும்.

மாணவன் அதுவரை தலையைக் குனிந்துகொண்டிருந்தவன், நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்டான். “மேம், இன்டர்னல் மார்க்கை நீங்களே பேரோட நோட்டீஸ் போர்டுல ஒட்டுறீங்க. அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜ் லிஸ்ட்டும் ஒட்டுறீங்க. போன வருஷம் ஃபீஸ் கட்டாதவங்க லிஸ்ட்டையும் ஒட்டுனாங்கன்னு சீனியர்ஸ் சொன்னாங்க. அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?”

அறையில் யாரும் பேசவில்லை. நிர்வாக அலுவலர் தண்ணீர் குடித்தார்.

அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது

திமிர்க் கேள்வி என்று சொல்லிவிடலாம். எச்.ஓ.டி. அப்படித்தான் எடுத்துக்கொண்டார். ஆனால் கணினி அறம் என்ற துறையே கிட்டத்தட்ட இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. ஜேம்ஸ் மூர் என்ற தத்துவப் பேராசிரியர் 1985-இல் எழுதிய கட்டுரையில் சொன்னதன் சாரம் இது: கணினி நமக்குப் புதிய செயல்களைச் சாத்தியமாக்குகிறது, அவற்றில் எதைச் செய்யலாம், எதைக் கூடாது என்பதற்குப் பழைய விதி எதுவும் இருப்பதில்லை, பழைய விதி இருந்தாலும் பொருந்துவதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள்.

நோட்டீஸ் போர்டையே எடுத்துக்கொள்வோம். அதைப் பார்க்க ஒருவர் அந்தத் தாழ்வாரத்துக்கு நடந்து வரவேண்டும். முண்டியடித்து நிற்க வேண்டும். நாலு நாளில் அதன் மேல் வேறு தாள் ஒட்டப்பட்டுவிடும். மழைச்சாரல் பட்டால் மை கலைந்துவிடும். ஒருவருடைய மதிப்பெண்ணும் அவர் அப்பாவின் போன் நம்பரும் அவர் வீட்டுக் கடனும் அங்கே ஒரே வரியில் இருக்காது. இந்தத் தடைகளை யாரும் திட்டம் போட்டு வைக்கவில்லை. காகிதத்துக்கும் சுவருக்கும் இயல்பாகவே இருக்கிற சோம்பல்தான் அத்தனை நாளும் பிள்ளைகளைக் காப்பாற்றி வந்தது. அவனுடைய லூப் அந்தச் சோம்பலை எடுத்துவிட்டது.

தனியுரிமை பற்றி எழுதிய பேராசிரியர் ஹெலன் நிசன்பாம் இதையே வேறு திசையிலிருந்து சொல்வார். ஒரு தகவல் ரகசியமா பகிரங்கமா என்பதைவிட, எந்தச் சூழலில் சொல்லப்பட்டது, அந்தச் சூழலின் வழக்கத்தை மீறி எங்கே போயிற்று என்பதுதான் அவருக்கு முக்கியம். கட்டண பாக்கி அலுவலகத்துக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரியும். அங்கே அது வெறும் கணக்கு. நண்பர்கள் குழுவுக்கு வந்ததும் அதே எண் தலைகுனிவாகிவிட்டது, அதுவும் இரக்கத்தின் வழியாக.

இருந்தாலும் மாணவன் சொன்னதில் பாதி நியாயம் அப்படியே நிற்கிறது. கட்டணம் கட்டாதவர்களின் பெயரை ஒட்டியது நாங்கள். ஒட்டலாம் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்ததும் நாங்கள். வகுப்பில் வரையறை சொல்லிக்கொடுத்தோம். தாழ்வாரத்தில் வேறு பாடம் நடந்துகொண்டிருந்தது.

சட்டத்தையும் பார்த்தோம். 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, பொறுப்பாளரின் அனுமதியில்லாமல் ஒரு கணினியிலிருந்து தரவை இறக்குவதையும் நகலெடுப்பதையும் தவறு என்கிறது. அதற்கு இழப்பீடு உண்டு. அதையே நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவு: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆக, எண்ணம் என்ன என்பதில் எல்லாம் தொங்குகிறது. நிறுவனத்து ஆள் 66-ஐ மட்டும் படித்துக் காட்டினார். 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நான் எடுத்துக் காட்டினேன். அப்போது அது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை, ஆனால் பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று அதில் எழுதியிருக்கிறது. 18 வயது நிரம்பாதவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்றும் இருக்கிறது. முதலாண்டில் சேரும்போது எங்கள் பிள்ளைகளில் சிலருக்கு 17 வயதுதான். அப்புறம் நிறுவனத்து ஆளின் குரல் கொஞ்சம் இறங்கியது.

தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது 2017 ஆகஸ்ட் 24-இல். அந்த வழக்கைப் போட்ட கே.எஸ்.புட்டசாமி கர்நாடக உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர், பெங்களூருவாசியாக வாழ்ந்தவர். எங்கள் ஊர்க்காரர் பெயரில் நாடே மேற்கோள் காட்டும் தீர்ப்பு. என் 22 ஸ்லைடில் அவர் இல்லை.

இதே மாதிரி ஒன்று 2013-இல் பெரிய அளவில் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் கணினியியல் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர் ஒருவர் ஐ.சி.எஸ்.இ., ஐ.எஸ்.சி. என்ற பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளின் முடிவுகளை எண் எண்ணாக மாற்றி மொத்தமாக எடுத்துவிட்டார். முடிவுப் பக்கத்தில் பாதுகாப்பு என்று சொல்லும்படி ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் அவர் அந்தக் குவியலில் எந்தப் பிள்ளை எவ்வளவு வாங்கியது என்று கடை பரப்பவில்லை. குறிப்பிட்ட சில மதிப்பெண்களை நாட்டில் ஒருவர்கூட வாங்கவில்லை என்பதைப் படம் போட்டுக் காட்டினார். மதிப்பெண் போடும் முறையைப் பற்றி அப்போது ஒரு விவாதமே கிளம்பியது. எடுத்தது சரியா என்று கேட்டால் எனக்கு இன்றும் இரண்டு மனம். வெளியிட்டதில் அவர் காட்டிய கட்டுப்பாடு வேறு விஷயம். எங்கள் பையனின் நிரலுக்கும் அவருடைய நிரலுக்கும் வடிவம் ஏறக்குறைய ஒன்றுதான்.

குழு முடிவு: ஏழு நாள் இடைநீக்கம், தாளை அழிக்கச் சொல்லி எல்லோருக்கும் அவனே செய்தி அனுப்ப வேண்டும், போலீஸ் வேண்டாம். நிறுவனம் இரண்டு நாளில் ஓட்டையை அடைத்தது; ஓட்டை இருந்ததாக எந்தக் கடிதத்திலும் ஒப்புக்கொள்ளவில்லை. நோட்டீஸ் போர்டில் பெயருக்குப் பதில் ரெஜிஸ்டர் நம்பர் போடுவது என்று தீர்மானம் ஆயிற்று. யாருடைய நம்பர் எது என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும், சரி, ஏதோ ஒன்று.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நூலகத்தைக் காட்டியது நான், லூப் போடு என்றது நான். அந்த மாணவி ஐந்தாம் நாள் வந்தாள். ஸ்டாஃப் ரூமில் உட்கார வைத்து மன்னிப்புக் கேட்டேன். “நீங்க எதுக்கு மேம்?” என்றாள். கொஞ்சம் கழித்து, “மார்க் தெரிஞ்சதுல எனக்கு ஒண்ணுமில்ல மேம். காசு சேத்தாங்க பாருங்க, அதுதான்” என்றாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் லேபில்

சிலபஸை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் லேபில் எந்த உதாரணத்தை எடுப்பது என்பது என் கையில் இருக்கிறது. ஐந்தாவது யூனிட்டைப் பிய்த்து மற்ற நான்குக்குள்ளும் தூவிவிட்டேன். ஹார்வர்டில் 2017-இலிருந்து ஏறக்குறைய இப்படிச் செய்கிறார்களாம். தத்துவத் துறை ஆய்வாளர்கள் கணினி வகுப்புக்கு வந்து அந்தந்தப் பாடத்தோடு சேர்த்து அறத்தையும் எடுப்பார்கள். எங்கள் கல்லூரியில் தத்துவத் துறை கிடையாது. லேப் அட்டெண்டர் ஒருவர் இருக்கிறார், தத்துவமாகப் பேசுவார்.

சி மொழியில் தரவு வகைகள் சொல்லும்போது 0 முதல் 255 வரைதான் கொள்ளும் ஒரு பைட்டில் 255-ஐ வைத்து ஒன்றைக் கூட்டச் சொல்கிறேன். திரையில் 0 வரும். சிரிப்பார்கள். “ஆட்டோ மீட்டர் சுத்தி வந்த மாதிரி” என்றான் ஒருவன். அப்புறம் தெராக்-25 கதையைச் சொல்கிறேன். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் எந்திரம். 1985-க்கும் 1987-க்கும் இடையில் கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆறு நோயாளிகள் மேல் அளவுக்கு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது, சிலர் இறந்துபோனார்கள். பிழைகளில் ஒன்று இதே ஒரு பைட் எண்தான். சோதனை தேவை என்று குறிக்க அந்த எண்ணை ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூட்டிக்கொண்டே போனார்கள். 256-ஆவது சுற்றில் அது பூஜ்யமாகும். பூஜ்யம் என்றால் சோதனை தேவையில்லை என்று பொருள். சரியாக அந்தக் கணத்தில் ஆபரேட்டர் பொத்தானை அழுத்தினால் சோதனை நடக்காது. கூட்டுவதற்குப் பதில் ஒரு நிலையான எண்ணை வைத்திருந்தால் போதும். பின்னால் அப்படித்தான் திருத்தினார்கள். முந்தைய மாடல்களில் மென்பொருள் சறுக்கினாலும் தடுக்க வன்பொருள் பூட்டு இருந்தது, இதில் எடுத்துவிட்டார்கள். சொல்லி முடித்ததும் வகுப்பில் யாரும் சிரிப்பதில்லை. எண் இப்படி அளவு மீறிப் பூஜ்யத்துக்குத் திரும்பும் ஓவர்ஃப்ளோ என்றால் என்ன என்று அதற்கப்புறம் யாருக்கும் நான் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்ததில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது, எழுத்துகளின் வரிசையைக் கையாளும் ஸ்ட்ரிங் பாடம். ஒரு பெயரை வாங்கி முதல் பெயர், குடும்பப் பெயர் என்று பிரிக்கச் சொல்லும் பழைய பயிற்சி ஒன்று பல ரெக்கார்டு நோட்டுகளில் உண்டு. இடைவெளியில் வெட்டு, முதல் துண்டு, கடைசித் துண்டு. வருடக்கணக்காக அதை யோசிக்காமல் கொடுத்துக்கொண்டிருந்தேன். இந்த முறை அவரவர் எஸ்.எஸ்.எல்.சி. மார்க்ஸ் கார்டில் உள்ள பெயரையே உள்ளிடச் சொன்னேன். வகுப்பில் பாதிப் பேருக்கு நிரல் பைத்தியம் பிடித்தமாதிரி நடந்துகொண்டது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இனிஷியல் முன்னால். கன்னடப் பிள்ளைகள் பலருக்குப் பின்னால். “மேம், எனக்கு சர்நேம் ‘எஸ்’னு வருது” என்றாள் ஒருத்தி. இன்னொருவனுக்கு ஒற்றைப் பெயர்; நிரல் எரர் அடித்து நின்றுவிட்டது. ஒரு மாணவன் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னான்: ஆன்லைன் விண்ணப்பத்தில் சர்நேம் கட்டாயம் என்று வந்ததால் பிரவுசிங் சென்டர் ஆள் ஊர் பெயரைப் போட்டுவிட, ஒரு ஆவணத்துக்கும் இன்னொன்றுக்கும் பெயர் ஒத்துப்போகாமல் ஒரு வருடம் அலைந்தாராம். அந்தப் படிவத்தை எழுதிய நிரலாளர் யாருக்கும் கெடுதல் நினைத்திருக்க மாட்டார். சர்நேம் இல்லாத மனிதர் ஒருவர் அவர் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை, அவ்வளவுதான். அன்று அரைமணி நேரம் லேபில் பெயர்களைப் பற்றிய பேச்சுதான். பெல் அடித்ததும் யாருக்கும் காதில் விழவில்லை.

அந்த எக்செல் சம்பவத்தையும் பயிற்சியாக்கினேன். நானே கற்பனையாகத் தயாரித்த தாள், பத்து பத்தி. டாப்பரைக் கண்டுபிடி என்பது கேள்வி. நிரல் எழுதுவதற்கு முன், எந்தப் பத்திகளைப் படிக்கப்போகிறாய் என்று சொல்லிவிட்டு ஆரம்பிக்க வேண்டும். பெரும்பாலோர் முதலில் சொல்லும் பதில்: “எல்லாத்தையும் எடுத்து வெச்சுக்கலாம் மேம், அப்புறம் யூஸ் ஆகும்.” இந்த ‘அப்புறம் யூஸ் ஆகும்’ எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. நம் வீட்டுப் பரணிலிருந்து வருகிறது. பழைய டப்பாவை எறியாத குடும்பங்கள் நாம். டப்பாவால் யாருக்கும் கஷ்டமில்லை.

சொதப்பியதும் உண்டு. முதலில் ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு பக்கம் கருத்து எழுதி வரச் சொன்னேன். நாற்பது தாள் வந்தன, முப்பதுக்கு மேல் ‘இன்றைய டிஜிட்டல் யுகத்தில்’ என்பதற்கு ஆங்கிலத்தில் என்னவோ அப்படித்தான் தொடங்கின. சாட்ஜிபிடியிடம் அறத்தை எழுதி வாங்கி, அதில் தன் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. எழுத்தை நிறுத்திவிட்டேன். இப்போது வைவா என்ற வாய்மொழித் தேர்வில் ஒரே ஒரு கேள்வி: இந்த நிரல் தப்பாக ஓடினால் முதலில் யார் வீட்டுக் கதவு தட்டப்படும்? அவரவர் நிரலுக்கு அவரவர்தான் பதில் சொல்ல வேண்டும், முன்கூட்டித் தயாரிக்க முடியாது. இரண்டு மதிப்பெண். போன முறை வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் தேர்வாளர், “இது சிலபஸில் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். ஐந்தாவது யூனிட் என்றேன். “அது தியரி பேப்பர் ஆயிற்றே” என்றார். அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

இடைநீக்கம் முடிந்து வந்த மாணவன் இப்போது மூன்றாம் வருடம். அமைதியாகிவிட்டான். அது பாடத்தாலா பயத்தாலா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

மூன்று வாரத்துக்கு முன் இரண்டாம் செமஸ்டர் மாணவி ஒருத்தி லேப் முடிந்தும் போகாமல் நின்றாள். போர்ட்டலில் மாணவர்களின் புகைப்படங்கள் இருக்கும் இடம் எண்ணை மாற்றினால் திறக்கிறது என்றாள். ஓட்டிப் பார்த்தாயா என்றேன்.

“மூணு நம்பர் மட்டும் மேம்.”

“ஏன் மூணோட நிறுத்துன?”

“ப்ரூஃபுக்கு மூணு போதும்ல. ஒண்ணு என்னோடது. ஒண்ணு என் ஃப்ரெண்டு, கேட்டுட்டுதான் பண்ணேன்.”

“மூணாவது?”

“தெரியாது மேம், யாரோ சீனியர் அக்கா. அதான் கொஞ்சம் பேஜாரா இருக்கு.”

இப்படி ஒன்றைக் கண்டுபிடிக்கும் மாணவி யாரிடம் சொல்ல வேண்டும் என்பதற்குக் கல்லூரியில் ஒரு மின்னஞ்சல் முகவரிகூட இல்லை. அன்று மாலையே நான் எச்.ஓ.டி.க்கும் நிர்வாகத்துக்கும் எழுதினேன், அவள் பெயரைப் போடாமல். ‘கவனிக்கப்படும்’ என்று பதில் வந்தது. நேற்று அவள் மறுபடியும் வந்தாள். தன் எண்ணை வைத்து மட்டும் பார்த்தாளாம். இன்னும் திறந்துதான் இருக்கிறது என்றாள்.